இன்னோவாவா ஸ்கார்ப்பியோவா என்று கேட்ட அண்ணனுக்கு

1

நேற்று ஒரு மனிதரை என் காரிலிருந்து நடுவழியில் இறக்கிவிட்டேன்.

மெல்பர்னில் நான் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். சின்ன வண்டி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. நம் பக்கத்திலிருந்து புதிதாக வருகிற பெண்கள்தான் அதிகமும் என்னிடம் வருகிறார்கள். நேற்று வந்த பெண்ணுடன் அவள் கணவரும் வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். கிளம்பியதிலிருந்து ஓயவில்லை. "லெப்ட்ல ஒதுங்கு. பிரேக்கைப் புடி. கண்ணு எங்க இருக்கு உனக்கு?" நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, அந்தப் பெண் நடுங்கிப்போய் டிராம் தண்டவாளத்தின் மேலேயே வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் டிராம்காரன் மணி அடிக்கிறான்.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, "சார், இறங்கி பஸ் புடிச்சி வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"என்னாங்க இது அநியாயமா இருக்குது. ஃபீஸ் கட்டறது நானு."

"பின் சீட்டுலர்ந்து ஓட்டற வண்டி இன்னும் வரல சார். வந்தா சொல்றேன்."

இறங்கினார். அதன்பிறகு அந்தப் பெண் ஒழுங்காக ஓட்டினாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், "உனக்கு இப்பல்லாம் கோவம் ஜாஸ்தியாயிடுச்சி மல்லிகா" என்றார். ஆமாம், ஜாஸ்திதான். அண்ணன் அந்த போன் செய்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

2

என் அண்ணன் சேகர் திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். நலம் விசாரிப்பான், மழை பெய்ததா என்பான், அண்ணியிடம் போனைக் கொடுத்துவிடுவான். என்னிடம் அவன் யோசனை கேட்டு நான் பார்த்ததே இல்லை. போன வருஷம் ஒரு ஞாயிறு கேட்டான்.

"மல்லி, வண்டி விஷயம்னா நம்ம வீட்ல உனக்குத்தான் தெரியும். இன்னோவா, ஸ்கார்ப்பியோ, ரெண்டுல எது எடுத்தா நல்லது?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணன் டிராவல்ஸ் வைக்கப் போகிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஊரில் இப்போது பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்துக்கும், செங்கம் ரோட்டு ஆசிரமத்துப் பக்கம் தங்குகிற வெள்ளைக்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் விடுவதற்கும் எத்தனை வண்டி இருந்தாலும் போதாது. அப்பா விட்ட தொழிலைப் பிள்ளை எடுக்கிறான் என்று சந்தோஷம் வேறு.

இரண்டையும் நான் ஓட்டியிருக்கிறேன். கடைசியாக ஊருக்கு வந்தபோது ஏர்போர்ட்டிலிருந்து வந்த வாடகை இன்னோவாவைத் திண்டிவனம் தாண்டியதும் டிரைவரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, செஞ்சி வரை ஓட்டினேன். ஸ்கார்ப்பியோ அண்ணனின் சிநேகிதருடையது. அதனால் மூச்சுவிடாமல் பேசினேன். இரண்டுக்கும் எஞ்சின் முன்னால், தள்ளுவது பின்சக்கரம். லாரிக்குப் போடுவது மாதிரி சட்டம் போட்டு, அதன்மேல் பாடி வைத்த வண்டிகள். ஆள் ஏற ஏற ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். ஸ்கார்ப்பியோவுக்கு எஞ்சினும் கொஞ்சம் பெரிது, இழுவையும் ஜாஸ்தி, மேடு என்றால் யோசிக்கவே யோசிக்காது. ஆனால் உயரம், வளைவில் ஆடும், கடைசி சீட்டில் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் குமட்டும். இன்னோவாவில் இழுவை கம்மி, ஆனால் ஏர்போர்ட் வரை தூங்கிக்கொண்டே போகலாம், நெரிசலில் கிளட்ச் மிதித்துக் கால் வலிக்காது.

என் மகன் அருணுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவன். அம்மா தமிழில் இவ்வளவு உற்சாகமாக என்ன பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தான். அவனையும் விடவில்லை. இன்டர்நெட்டில் இரண்டு வண்டியின் விவரங்களையும் எடுக்கச் சொல்லி, அவன் வாசிக்க வாசிக்க நான் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். எஞ்சின் சிசி, குதிரைத்திறன், டயர் அளவு, டேங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும், எல்லாம். கடைசியாக, "வாடகைக்கு விடறதுன்னா இன்னோவாதான்ணா" என்று தீர்ப்பும் சொன்னேன்.

"வாடகைக்கு இல்லம்மா" என்றான் அண்ணன். "நம்ம கவிதாவுக்கு ஆரணிப் பக்கம் ஒரு இடம் தகைஞ்சிருக்குது. மாப்ள வீட்ல ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்திரேலியா அத்தை செய்வாங்கன்னு நானும் வாக்கு குடுத்துட்டேன்."

கவிதா அவன் ஒரே மகள். எம்.எஸ்ஸி. கணக்கு படித்து, ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள்.

அருண் திரையைப் பார்த்தபடி, "என்னம்மா, எது வாங்கறாங்க? எதுக்கு?" என்று கேட்டான். சொன்னேன். அவனுக்கு வரதட்சணை என்ற சொல் தெரியாது. நான் சுற்றி வளைத்து விளக்கியதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஓ! கார் வாங்கினா பொண்ணு ஃப்ரீயா?"

அறைய வேண்டும் போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

3

இதே கேள்வியை எங்கள் வீட்டு வாசலில் 1989இல் கேட்டார்கள்.

அப்பாவிடம் இரண்டு டாக்சி இருந்தன. ஒன்று டீசல் அம்பாசிடர், இன்னொன்று பத்மினி. பத்மினியை ஊரில் பியட் என்றுதான் சொல்வோம். அம்பாசிடரை அப்பா ஓட்டுவார், பியட்டுக்கு ஒரு டிரைவர். நான் காலேஜ் படிக்கும்போதே அடம்பிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போது கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குக்கூட இவ்வளவு ஜனம் கிடையாது. மற்ற நாளில் விடியற்காலையில் ரோடு எனக்கே எனக்கு. ஸ்டீரிங்குக்குக் கீழே கியர், முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு, காலை நீட்டினால்தான் கிளட்ச் எட்டும். வேலூருக்குப் போய் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். இன்ஸ்பெக்டர் அப்பாவிடம், "பொண்ணு எதுக்கு சார் லைசென்ஸு, வேடிக்கைக்கா?" என்று கேட்டார். இங்கே வந்த பிறகு அந்த லைசென்ஸ் செல்லாது என்று மறுபடி முதலிலிருந்து பரீட்சை வைத்தார்கள். எட்டெல்லாம் யாரும் போடச் சொல்லவில்லை. கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தாயா என்பதுதான் அவர்களுக்குப் பெரிது. நான் டிக்கி என்றும் ஸ்டெப்னி என்றும் சொன்னது பரீட்சை வைத்த அம்மாளுக்குப் புரியவில்லை. ஆனால் எதற்கு உனக்கு என்று மட்டும் கேட்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது இரண்டு வண்டியும் வாசலில் நின்றன. மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டுல எதுங்க நல்ல வண்டி?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பாவிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்டால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. இரண்டு பானெட்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பியட்டு சின்ன எஞ்சினுங்க. சிட்டுக்குருவி மாதிரி திரும்பும். தனியா போறவங்களுக்கு அதான் சரி. ஆனா நாலு ஆளு, நாலு பொட்டி ஏத்தினா குண்டி தாழ்ந்துடும். அம்பாசிடர் ஸ்டீரிங் கொஞ்சம் கனம்தான், வேகமும் கம்மிதான். ஆனா பட்டை பட்டையா வில்லு குடுத்துருக்கான் பாருங்க. பத்து பேர உள்ள திணிச்சி பள்ளத்துல உட்டாலும் அசையாது. எந்த ஊர் போனாலும் ரிப்பேர் பாக்க ஆளு இருக்கும்."

தாய்மாமனை உட்காரவைத்து இரண்டிலும் ஒரு ரவுண்டு வேறு அழைத்துப் போனார். நான் உள்ளே காபித் தட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன படித்திருக்கிறாய் என்றுகூட என்னை யாரும் கேட்கவில்லை. அம்பாசிடர் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது வரை தெரிந்துகொண்டு போனார்கள்.

மறுநாள் தரகர் வந்தார். முகமெல்லாம் பல். "ரொம்ப நல்ல மனுஷங்க. புது வண்டி கேக்கல பாருங்க. அந்த அம்பாசிடரே போதும்னுட்டாங்க."

போதும்! எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த வண்டி அது. அம்மா அழுதாள். பிறகு டாக்சி போர்டை எடுத்து, சொந்த வண்டியாக மாற்றி, மாப்பிள்ளை பேருக்கு எழுத, ஆபீஸ் ஆபீஸாக அப்பாவேதான் அலைந்தார். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சளுக்கு நடுவில் சாவியை வைத்து நீட்டினார். அந்தச் சாவியை எடுத்த மனிதருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

நான்கு வருஷம் கழித்து நாங்கள் ஆஸ்திரேலியா கிளம்பியபோது மாமனார் அதை யாருக்கோ விற்றார். எனக்குச் சொல்லவில்லை. வாங்கியவர் மறுபடியும் டாக்சி போர்டு மாட்டி, அப்பா நிற்கிற அதே ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு பெட்டியோடு வருகிற வெள்ளைக்காரர்கள் அப்பாவின் பியட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்பாசிடரில் போய் ஏறினார்கள். அப்பா சாகும்வரை இதை எனக்குச் சொல்லவில்லை. அண்ணிதான் சொன்னாள்.

4

கல்யாணமான வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. அடி அண்ணாமலை தாண்டி ஏரிக்கரை ஓரமாகப் போகிற மண் ரோட்டில் என் புகுந்த வீட்டுக் குலதெய்வம் கோவில். பொங்கல் வைக்க அம்பாசிடரில் போனோம். என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஸ்டீரிங் பிடிக்கப் பழகியிருந்தார். அன்றைக்குத் தானே ஓட்டுவதாகச் சொல்லி டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

களிமண் பள்ளத்தில் வண்டி மாட்டியது. பின்சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றுகின்றன. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பள்ளம் ஆழமாகிறது. எனக்குத் தாங்கவில்லை. செகண்ட் கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் நாலு கிளையை ஒடித்து வைத்து, மெதுவாக விட்டால் ஏறிவிடும். அப்பாவோடு எத்தனை முறை ஏற்றியிருக்கிறேன்.

"நான் எடுக்கறேன். ஒரு நிமிஷம் தள்ளிக்கோங்க" என்றேன்.

மாமனார் திரும்பினார். "இன்னும் உங்கப்பன் வண்டின்ற நெனப்பா?"

மாமியார் வழி சொன்னார். "பொம்பளைங்கல்லாம் பின்னால டிக்கி மேல ஏறி உக்காருங்கடி. பின்னால கனம் இருந்தாத்தான் சக்கரம் மண்ணைப் புடிக்கும்."

அது சரியான வழிதான், அதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல். நானும் இரண்டு நாத்தனாரும் டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தோம். சக்கரம் சுழன்று வாரி இறைத்த சேறு முழுவதும் என் கூரைப்புடவையில். வண்டி ஏறியது. "பரவால்லியே, ஏத்திட்டானே என் புள்ள!" என்றார் மாமனார்.

வீட்டில் கனம் கொடுக்க நான், பேர் வாங்க இவர். அன்றைக்கு டிக்கியிலிருந்து குதித்து வீட்டுக்கு நடந்தே போயிருக்க வேண்டும் என்று இப்போதும் பல்லைக் கடிப்பேன். மெல்பர்னுக்கு வந்த பிறகு இவருக்கு ஒழுங்காகக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நான். நல்ல மனிதர், சமைப்பார், பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "அந்தக் காலம் அப்படி, விடு" என்பார். கவிதாவின் விஷயம் வந்தபோதும் அதேதான். "குடுத்துடு மல்லிகா, நம்மால முடியாததா?"

முடியாதது இல்லை. அதற்காகத்தான் என் கோபம்.

5

கவிதாவுக்கே போன் செய்தேன். படித்த பெண், கொதித்துப் போயிருப்பாள், அழுவாள், அத்தை காப்பாற்று என்பாள் என்று நினைத்தேன்.

"அத்தை! அப்பா சொன்னாரு, நீங்க இன்னோவா சொன்னீங்களாமே" என்றாள் குதூகலமாக. "வேணாம் அத்தை, ஸ்கார்ப்பியோவே சொல்லுங்க. கருப்பு கலர். கெத்தா இருக்கும்."

"உனக்கு ஓட்டத் தெரியுமாடி?"

"எனக்கு எதுக்கு அத்தை? அவரு ஓட்டுவாரு."

போனை வைத்துவிட்டு வாசலில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டின் மேல் கோபம், அண்ணன் மேல் கோபம், இரண்டு பானெட்டையும் திறந்து காட்டிய அப்பாவின் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, அவரைப் போலவே பெருமை பொங்க இழுவையும் டயர் அளவும் ஒப்பித்த என் மேல் கோபம். எங்கள் வீட்டில் வண்டி எது நல்லது என்று யாராவது கேட்டால், எதற்குக் கேட்கிறார்கள் என்று நாங்கள் யோசிப்பதே இல்லை.

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன். "வண்டி வாங்கித் தரேன். வாக்கு குடுத்தது நீ, இருந்தாலும் காப்பாத்தறேன். ஆனா ஆர்.சி. புக்கு கவிதா பேர்ல. அவ லைசென்ஸ் எடுத்தப்புறம்தான் வண்டி வரும். சாவி தட்டுல வைக்கக் கூடாது, அவ கையிலதான் குடுக்கணும். மாப்ளைக்கு வேணும்னா அவகிட்ட கேட்டு வாங்கி ஓட்டட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? சம்பந்தம் முறிஞ்சிடும்."

"இதுக்கே முறியற சம்பந்தம்னா முறியட்டும்."

"அங்க உக்காந்துகினு ஈசியா பேசற. நாளைக்கு ஊர்ல தல நிமிந்து நடக்க வேண்டியது நானு!"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விமானத்தில் ஒரு நாள் தள்ளி இருந்துகொண்டு வீரம் பேசுவது சுலபம்தான். ஆனால் டிக்கி மேல் உட்கார்ந்தவள் நான். அவன் இல்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வந்தது. பெண் பேரில் இருக்கிற வண்டியை எங்கள் பிள்ளை கேட்டு வாங்கி ஓட்டுவதா, உங்கள் ஆஸ்திரேலியாக்காரி எங்களை என்ன நினைத்தாள் என்றார்களாம். தை மாதம் அதே பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. வாசலில் புது வண்டி நின்றதாம்.

அண்ணன் பேச்சை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை போன் வராமல் போனது. அண்ணி மட்டும் பொங்கலுக்குப் பேசி, "கவிதா ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்குறா, நல்லா இரும்மா நீ" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது வாழ்த்தில்லை என்று எனக்குத் தெரியும். செய்தது சரிதானா என்று கார் ஓட்டும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். சரி என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றியது. ஆனாலும் கவிதாவுக்கு நானாகப் போன் செய்யத் தைரியம் வரவில்லை.

6

நேற்று அந்த ஆளை இறக்கிவிட்டு வந்து, வீட்டுக்காரரோடு சண்டையும் போட்டு ஓய்ந்தபோது போன் அடித்தது. ஊர் நம்பர்.

"நான் கவிதா பேசறேன்." அத்தை என்று சொல்லவில்லை.

"சொல்லுமா. எப்படி இருக்க?"

"எப்படி இருப்பேன்? என் கல்யாணத்த நீங்கதான் கெடுத்தீங்க. எனக்கு அவர புடிச்சிருந்துச்சி. ஸ்கூல்ல எல்லாருக்கும் போட்டோ காட்டிட்டேன். எவ்ளோ அசிங்கம் தெரியுமா உங்களுக்கு?"

அவள் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டட்டும் என்று இருந்தேன். திட்டினாள். நடுவில் மூச்சு வாங்கினாள். பிறகு அதே குரலில் சொன்னாள்.

"நான் லைசென்ஸ் வாங்கிட்டேன்."

"என்னா?"

"வேங்கிக்கால்ல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. எட்டுப் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, எல்லாம் முடிஞ்சி போன வாரம் கைக்கு வந்துடுச்சி. நீங்க சொன்ன வண்டி எப்ப வரும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "எது வேணும்? இன்னோவா..." என்று தொடங்கினேன்.

"நீங்க சொல்லாதீங்க. ரெண்டு ஷோரூமுக்கும் போயி ரெண்டையும் நானே ஓட்டிப் பாத்துட்டேன். நீங்க சொன்னது தப்பு. இன்னோவா சொகுசுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா பின்னால உக்காந்து போறவங்களுக்கு பண்ண வண்டி அது. ஸ்கார்ப்பியோல மேல உக்காந்தா ரோடு மொத்தமும் தெரியுது அத்தை. செகண்ட்லயே மேட்டுல இழுத்துக்குனு போவுது. பஸ்காரன்கூட ஒதுங்கறான். வளைவுல ஆடும்னீங்க. வேகத்த கம்மி பண்ணா ஆடல. அது வண்டி தப்பு இல்ல, ஓட்டறவங்க தப்பு."

எங்கள் வீட்டில் இரண்டு வண்டியை ஒப்பிட்டுப் பேசி, தனக்கென்று ஒன்றைக் கேட்ட முதல் பெண் அவள். கருப்பு கலர்தானே என்று மட்டும் கேட்டேன்.

"கலர் எதுவா இருந்தா என்ன" என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"வண்டி வாங்கிக் குடுத்துட்டா சரியாப் போச்சின்னு நெனைக்காதீங்க அத்தை. உங்க மேல எனக்குக் கோவம் போகல."

"இருக்கட்டும்டி" என்றேன். "எனக்கே இன்னும் போகல."